பஸ்ரா சாலையில் நின்ற வண்டி

1

சென்ற தேர்வில் நான் கேட்டிருந்த கேள்வி எளியது. முதல் உலகப் போரில் நடுநிலை வகித்த அமெரிக்கா எப்போது போரில் இறங்கியது? பாடநூலில் தேதி இருக்கிறது. அதை எழுதினால் மதிப்பெண். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேதியை எழுதிவிட்டு, அதன் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "ஆனால் அதற்கு முன்பே இறங்கிவிட்டது என்று தோன்றுகிறது. எந்த நாள் என்றுதான் தெரியவில்லை."

முழு மதிப்பெண் கொடுத்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் எழுந்து நின்று, "எந்த நாள் சார்?" என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்றேன். வகுப்புகள் சில கடந்துவிட்டன. அவள் மறுபடி கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி தீரவில்லை.

குவைத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் எழுபதுகளின் நடுவிலிருந்து வரலாறு கற்பித்து வருகிறேன். அதற்கு முன் சேலத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளன். எங்கள் பக்கத்து வாசகர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: ஆம், இங்கே வெயில் அதிகம், இல்லை, பழகவில்லை.

இந்த மாதம் என் மைத்துனன் முத்துசாமி இறந்து இரண்டாம் ஆண்டு. அவன் இறந்த போர் சென்ற ஆண்டு நின்றுவிட்டது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அந்த மாணவிக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

2

முத்துசாமி என் மனைவி மரகதத்தின் தம்பி. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே மேட்டுக்காடும் ஒரு கிணறும் உள்ள குடும்பம். கிணறு வற்றிய ஆண்டு அவன் லாரியில் கிளீனராக ஏறினான். பிறகு கல்கத்தா லைனில் டிரைவரானான். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல், பம்பாய் ஏஜெண்டு ஒருவர் மூலமாகக் குவைத்துக்கு வந்து எங்கள் கதவைத் தட்டினான்.

"அக்கா, சோத்தப் போடு. மூணு நாளா ரொட்டியே தின்னு வாயி செத்துப்போச்சு."

மரகதம் அழுதுகொண்டே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். அதன் பிறகு அவன் குவைத்தில் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அதுதான் சமையல்.

துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் கம்பெனி டிரெயிலர் ஒன்றை ஓட்டினான். நான் அரபி மொழியை இலக்கண நூல் வைத்துப் படித்தவன். கடையில் நான் பேசினால் கடைக்காரர் எழுந்து நின்று மரியாதையாகச் சிரிப்பார். முத்துசாமி எல்லோரிடமும் தமிழிலேயே பேசினான். நடுவில் அரபிச் சொற்களைக் கடுகு தாளிப்பது போலப் போடுவான். அவனுக்கு எல்லாம் கிடைத்தது.

என் தொழில் மீது அவனுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

"மாமா, உங்க கிளாசுல எத்தன பேரு முழிச்சிருப்பாங்க?"

"பாதிப் பேர்."

"பரவால்லைங்க. லாரில தூங்குனா சாவு. உங்க கிளாசுல தூங்குனாப் பாசு."

என் மகள் கயல்விழி அப்போது சிறுமி. அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். இப்போது அவளுக்கு அந்த நகைச்சுவையை நினைவூட்டினால், "மாமா ஜோக்கெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்கிறாள். அவள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

3

எங்கள் இரு அண்டை நாடுகளான ஈராக்குக்கும் ஈரானுக்கும் இடையே போர் மூண்டபோது குவைத் நடுநிலை நாடு. அரசு அவ்வாறு அறிவித்தது. நாளிதழ்கள் அவ்வாறு எழுதின. நாங்களும் ஊருக்கு அவ்வாறே எழுதினோம். உலகப் போர் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் உலகத்தின் பெரிய நாடுகளில் பலவும் அதற்கு ஆயுதம் விற்றன, கடைசியில் தம் போர்க்கப்பல்களையும் அனுப்பின. ஆகவே அந்தப் பெயரை நான் முழுமையாக மறுக்க மாட்டேன்.

முதலில் நடந்தது மிகச் சிறியது. ஈராக்கின் பஸ்ரா துறைமுகத்தைப் போர் அடைத்துவிட்டது. அங்கே போக வேண்டிய கப்பல்கள் இங்கே வந்து நின்றன. அரிசி, சர்க்கரை, சிமெண்டு. பக்கத்து வீட்டு வாசல் அடைபட்டால் நம் வீட்டு வழியாகப் போகச் சொல்வதில்லையா? அதைப் போலத்தான். முத்துசாமியின் வண்டி வடக்கே பஸ்ரா வரை ஓடத் தொடங்கியது. ஓட்டம் கூடியதில் அவனுக்கு மகிழ்ச்சி.

பிறகு தார்ப்பாய்கள் மாறின. நாமக்கல் டிரைவர் ஒருவன் தான் பார்க்காத லோடை ஏற்ற மாட்டான். தானே ஏறி நின்று கயிறு இழுத்துக் கட்டி, முடிச்சைக் காலால் மிதித்துப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவான். இங்கே லோடு கட்டப்பட்டு, மூடப்பட்டு, ஈய முத்திரையோடு வந்தது.

"என்ன லோடு மாப்ள?" என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன்.

"சீல் வெச்ச லோடுங்க மாமா. கேக்கப்படாது."

"நீ கேட்கவில்லையா?"

"கேட்டனுங்க. சூப்பர்வைசரு, 'உங்க ஊட்டுச் சாமானா? பேசாம ஓட்டு'ங்கறான். அதும் மேல ஒரு கயிறு நானாப் போட்டுக் கட்டிட்டு வந்தேன். கட்டாம வண்டி எடுத்தா கையே ஓட மாட்டீங்குது."

அந்த வாரம் வகுப்பில் நான் நடத்தியது அமெரிக்க நடுநிலைதான். இரு தரப்புக்கும் விற்பதாக அமெரிக்கா அறிவித்தது. ஒரு தரப்பின் கடல்வழி மறிக்கப்பட்டது. எனவே மற்றத் தரப்புக்கு மட்டும் விற்றது. வாங்கியவர்களிடம் பணம் தீர்ந்தபோது கடன் கொடுத்தது. கடன் கொடுத்தவனுக்குக் கடன் வாங்கியவன் தோற்கக்கூடாது. பிறகு கப்பல்கள் மூழ்கின. பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். சன்னலுக்கு வெளியே வடக்கு நோக்கி டிரெயிலர்கள் போய்க்கொண்டிருந்தன.  வெளிநாட்டவன் சன்னலைக் காட்டிப் பாடம் நடத்துவது விவேகமல்ல.

நகரத்தில் குண்டுகள் வெடித்தன. எண்ணெய்க் கப்பல்கள் வளைகுடாவில் எரிந்தன. எல்லைக்கு அப்பால் பீரங்கி முழங்கிய இரவுகளில் எங்கள் அடுக்களைக் கண்ணாடி அலமாரி மெல்ல அதிரும். மரகதம் எழுந்துபோய்த் தம்ளர்களுக்கு இடையே துணி செருகிவிட்டு வந்து படுப்பாள். மறுநாள் நாளிதழில் குவைத் நடுநிலை நாடாகவே இருக்கும்.

கயல்விழி ஒரு நாள் கேட்டாள்: "அது அவங்க சண்டைதானேப்பா? நமக்கு என்ன?"

"நமக்கு" என்று அவள் சொன்னது குவைத்தை. அதைத் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை.

4

எண்பத்தேழின் தொடக்கத்தில், பஸ்ராவுக்கு மிக அருகே போர் வந்துவிட்ட குளிர்காலத்தில், முத்துசாமி இறந்தான்.

எப்படி என்பதை எனக்குச் சொன்னவர் யூசுப் என்ற எகிப்து டிரைவர். தலையில் கட்டோடு எங்கள் வீடு தேடி வந்தார். சோபாவில் உட்கார மறுத்துத் தரையில் அமர்ந்தார். அவர் வண்டி பஸ்ரா சாலையில் அச்சு முறிந்து நின்றிருக்கிறது. சாலை முழுவதும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் இருந்தது. யாரும் எங்கும் நிற்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. யூசுப் பின்னால் சில கற்களையும் ஓர் எண்ணெய்த் தகரத்தையும் அடையாளமாக வைத்துவிட்டு வண்டிக்கடியில் படுத்திருக்கிறார். பல வண்டிகள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு கடந்துபோயின. ஒன்று மட்டும் நின்றது.

எங்கள் சாலைகளில் பழுதான லாரிக்குப் பின்னால் பச்சைக் கிளை ஒடித்துப் போடுவார்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்து வண்டி எதுவும் நிற்காமல் போகாது. இறங்கி "என்னாச்சுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனவனுக்கு அடுத்த டீக்கடையில் டீ கிடைக்காது. அங்கே கிளை இல்லை, மரமே இல்லை. முத்துசாமிக்கு அந்தக் கற்களும் தகரமும் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

"இறங்கி வந்ததும் என்னைத் திட்டினான்" என்றார் யூசுப். "சக்கரத்துக்குக் கல் வைக்காமல் கீழே படுத்திருந்தேன். மொழி விளங்கவில்லை. திட்டு என்பது மட்டும் விளங்கியது. தன் வண்டிக்கு ஏற்கெனவே வைத்திருந்தான். என் வண்டிக்கும் அவனே கல் தூக்கி வைத்தான். பிறகுதான் கீழே குனிந்து பார்த்தான்."

குண்டு விழுந்தபோது அவன் தன் வண்டியிலிருந்து ஜாக்கி எடுத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான்.

யூசுப் அழுதார். மரகதம் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் போகும்வரை அவள் உட்காரவே இல்லை.

5

உடல் எல்லை கடந்து வர வாரங்கள் ஆயின. வந்தது முத்திரை வைத்த பெட்டியில். திறக்கக் கூடாது என்றார்கள். அதே பெட்டிதான் திருச்சி வரை விமானத்திலும் பிறகு வேனிலும் போனது. ஊரில் அவன் மனைவி சரசுவதி பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள அவருதான் இருக்கறாருன்னு யாருங்ணா பாத்தாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் பார்த்தேன் என்று சொன்னேன். குவைத்தில் அடையாளம் காட்டுவதற்காக ஒரு முறை எனக்கு மட்டும் திறந்து காட்டியிருந்தார்கள். 

இறப்புச் சான்றிதழில் காரணம் 'சாலை விபத்து' என்று இருந்தது.

குவைத் திரும்பியதும், அதைத் திருத்தக் கோரி, சான்றிதழ் கொடுத்த அரசு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் நல்ல மனிதர். என் இலக்கண அரபியைக் கேட்டு நாற்காலி போட்டார்.

"சாலையில்தானே இறந்தார்?"

"பீரங்கிக் குண்டு விழுந்து இறந்தார்."

"ஆசிரியரே, இந்த நாடு போரில் இல்லை. எங்கள் வண்டியில் எங்கள் வேலையில் இருந்தவர் போரில் இறந்தார் என்று நான் எப்படி எழுதுவேன்? அதற்கு இந்தப் படிவத்தில் இடமே இல்லையே."

படிவத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே இடம் இல்லை. நடுநிலை நாட்டில் நோயால் இறக்கலாம், வேலையிடத்தில் இறக்கலாம், சாலையில் இறக்கலாம்.

அந்தக் கோடையில் அமெரிக்க வல்லரசின் கொடியை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து எண்ணெய்க் கப்பல்கள் புறப்பட்டன. இருபுறமும் அந்த வல்லரசின் போர்க்கப்பல்கள் காவல் வந்தன. ஏவுகணைகள் கரையில் விழுந்தன. நடுநிலை அப்போதும் திரும்பப் பெறப்படவில்லை.

சென்ற ஆண்டு போர் நின்றதும் மறுபடி போனேன். அதே எழுத்தர், தலை சற்று நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்போதுதான் போரே முடிந்துவிட்டதே" என்றார். "எதற்காகப் பழையதைக் கிளறுகிறீர்கள்?"

6

எதற்காக என்பதை அவருக்கு விளக்க என்னிடம் அரபி இல்லை.

எங்கள் பக்கத்தில் லாரிதான் பிழைப்பு. வீட்டுக்கு ஒருவர் ஸ்டியரிங் பிடித்தவர். அங்கே 'சாலை விபத்து' என்ற இரண்டு சொற்களுக்குப் பொருள் வேறு. டிரைவர் தூங்கினான், அல்லது குடித்திருந்தான். எதிரே வந்தவன் தவறு என்றால் அதை அப்படியே சொல்வார்கள். வெறுமனே 'சாலை விபத்து' என்றால் சொல்லக் கூசுகிறார்கள் என்று அர்த்தம். பெட்டியைத் திறக்கவிடாததையும் இதனோடு சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தை மாதம் முத்துசாமியின் மகள் தேன்மொழிக்கு நிச்சயம் என்று அழைப்பு வந்தது. சிறப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். வேனைவிட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு அம்மாள் கயல்விழியின் கன்னத்தைத் தொட்டு, "எந்தூரு சாமி?" என்று கேட்டாள். "குவைத்" என்றாள் மகள். மரகதம் பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள்.

சரசுவதி இப்போது வீட்டுக்குப் பின்னால் கூண்டு போட்டு முட்டைக்கோழி வளர்க்கிறாள். கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டே பேசினாள்.

"மாப்பிள்ளையூடு திருச்செங்கோட்டுப் பக்கமுங்ணா. லாரிக்காரங்க. பையனுக்குப் புடிச்சிருக்குது, பொண்ணுக்கும் புடிச்சிருக்குது, சாதகமும் கூடிருச்சு. பையனோட பெரியப்பாருதான் ஒத்தக் கால்ல நிக்கறாரு. வண்டி ஓட்டறப்பத் தூங்குனவன் ஊட்ல பொண்ணெடுக்கறதாங்கறாரு."

"நடந்தது என்னவென்று நீ சொல்லவில்லையா?"

"சொன்னனுங்களே. சண்டைல குண்டு வுழுந்து போனாருன்னு சொன்னா, அந்த நாட்ல சண்டையே இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்கறாங்க. நீங்க வந்து சொன்னா நம்புவாங்கண்ணா. அந்தச் சர்டிபிகேட்டுக் கடுதாசிய மட்டும் வெளிய எடுத்துராதீங்க." தீனித் தட்டைக் கீழே வைத்தாள். "கலியாணம் நின்னாக்கூட நிக்கட்டும். அவரு தூங்குனாருன்னு மட்டும் ஆயிரக்கூடாது."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரியப்பா கந்தசாமிக் கவுண்டர் கனத்த உடம்பும் வெள்ளை மீசையுமாக நடு நாற்காலியில் அமர்ந்தார். நான்கு லாரிகளுக்கு உரிமையாளர். இளமையில் தாமே ஓட்டியவர். காபியைத் தொடவில்லை.

"குவைத்து வாத்தியாருங்களா? சொல்லுங்க, கேட்டுக்கறோம்."

நான் தொடங்கினேன். குவைத் நடுநிலை அறிவித்ததையும், துறைமுகம் திறந்துவிடப்பட்டதையும், சரக்கு மெல்ல மெல்ல மாறியதையும், ஒரு நாடு தான் போரில் இல்லை என்று சொல்லிக்கொண்டே எவ்வாறு அதற்குள் போய்விட முடியும் என்பதையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் நடத்திய மிகத் தெளிவான பாடம் அதுவாக இருக்கலாம். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

கந்தசாமிக் கவுண்டர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க வாத்தியாரே. ரேடியோல கேட்டுக்கறேன். வண்டி ஓடறப்ப அடிபட்டுதுங்களா, நிக்கறப்பவா?"

"நின்றபோது."

"எதுக்கு நின்னாரு? தூங்கறதுக்குங்களா?"

"வேறொரு வண்டி பழுதாகி நின்றிருந்தது. அதைப் பார்த்து நிறுத்தினார்."

"நம்ம பக்கத்து வண்டியா?"

"இல்லை. எகிப்துக்காரர் ஒருவருடையது. முன்பின் தெரியாதவர்."

"குண்டு வுழுகற ரோட்டுல, முன்னப்பின்னத் தெரியாதவனுக்கு எதுக்குங்க நிக்கறாரு? புத்தி வேணாமா?"

உள்கதவருகே நின்றிருந்த சரசுவதி பேசினாள். விதவைகள் அந்த நேரத்தில் முன்னால் வருவதில்லை. அவள் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டு கேட்டாள்: "ரோட்டுல வண்டி நின்னா நீங்க நிக்க மாட்டீங்களாங்க?"

 கந்தசாமிக் கவுண்டர் மீசையைத் தடவினார்.

"நிப்பேனம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "எறங்குனவரு கட்டை போட்டாருங்களா?"

சக்கரம் உருளாமல் வைக்கும் கட்டையை அவர் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"கல் வைத்திருந்தார். தம் வண்டிக்கு வைத்துவிட்டு அந்த வண்டிக்கும் வைத்தார். வைக்காததற்காக அந்த டிரைவரைத் திட்டவும் செய்திருக்கிறார்."

"என்னன்னு திட்டுனாரு?"

"தமிழில் திட்டியிருக்கிறார். அந்த மனிதருக்கு விளங்கவில்லை."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். மரகதம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கயல்விழி என் அருகே நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டாள்: "என்னன்னு திட்டியிருப்பாருப்பா?" எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கந்தசாமிக் கவுண்டர் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"தூங்கறவன் ரெண்டு வண்டிக்குக் கல்லு வெக்க மாட்டான். அப்பறம் என்னப்பா பாத்துட்டு இருக்கறீங்க? உப்புச் சக்கரைய எடுங்க."

உப்பும் சர்க்கரையும் கைமாறின. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு பேச்சு மாறாது. சான்றிதழ் என் கைப்பையிலேயே இருந்தது.

7

இதுவரை எழுதிய பிறகு அந்த மாணவியை அழைத்து, நாள் எதுவென்று எனக்கும் தெரியாது என்று சொன்னேன். குவைத்துக்கு என்றால், துறைமுகத்தைத் திறந்துவிட்ட நாளாக இருக்கலாம். முத்திரை வைத்த லோடைக் கேள்வியின்றி ஏற்றிய நாளாக இருக்கலாம். ஏற்றியவர்களுக்கும் அன்று தெரிந்திராது. தேர்வில் மட்டும் பாடநூல் தேதியையே எழுது என்றேன். சரி சார் என்றாள்.

போர் நின்ற பிறகு இங்கே எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். வடக்கே இனி நமக்கு ஒரு தொல்லையும் இல்லை என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். வெள்ளிக்கிழமைகளில் மரகதம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்குகிறாள். அளவு மட்டும் குறையவில்லை. மீந்ததை மாலையில் கயல்விழி யாரும் சொல்லாமலே எடுத்துச் சாப்பிடுகிறாள்.

உண்ட பிறகு நான் துறைமுகச் சாலையில் நடக்கப் போகிறேன். டிரெயிலர்கள் வரிசையாக நிற்கும். எல்லா நாட்டு டிரைவர்களும் நிழலில் படுத்திருப்பார்கள். லோடு என்ன என்று நான் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வண்டியின் பின்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போகிறேன். சிலர் கல் வைத்திருக்கிறார்கள். வைக்காத வண்டிகளுக்கு, குனிய முடிகிற நாட்களில், நான் வைத்துவிட்டு வருகிறேன்.